ஒத்தை எழுத்துதானேன்னு சொல்ற மகானுபாவர்களுக்கு

ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்த கடுப்பு இது. இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன். நீளமான பதிவு மக்களே, டீயைக் கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க. பொட்டி தட்டற தொழில்ல இல்லாதவங்களும் ஓடிடாதீங்க. விஷயம் எழுத்துப்பிழையைப் பத்தினது. பதிவு எழுதற நமக்குத் தெரியாத எழுத்துப்பிழையா?

மேட்டர் இதுதான். கட்டற்ற மென்பொருளை யார் வேணாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேணாலும் திருத்தலாம். மென்பொருள் மட்டுமில்ல, அதை எப்படி நிறுவறது, எப்படி ஓட்டறதுன்னு கூடவே வர்ற ஆவணங்களும் அப்படித்தான். அதுல ஒரு எழுத்து தப்பா இருந்தா, எண்ணூர்ல உக்காந்திருக்கற ஒருத்தன் அதைத் திருத்தி, 'இதைச் சேர்த்துக்கோங்க'ன்னு அனுப்பலாம். அந்த விண்ணப்பத்துக்குப் பேரு புல் ரிக்வெஸ்ட். பராமரிக்கறவர் பாத்து, சரின்னா சேர்த்துக்குவார்.

இந்த நல்ல வேலையை நம்ம ஊர்ல ரெண்டு கோஷ்டி சேர்ந்து நாறடிக்குது. ஒரு கோஷ்டி அதைப் பாத்து இளிக்குது. இன்னொரு கோஷ்டி அதை வெச்சு டி-ஷர்ட் தேத்துது. ரெண்டு பேரையும் இன்னிக்கு விடறதா இல்ல.

முதல்ல இளிக்கிற கோஷ்டி.

எங்க தெருவுல ஒரு பையன். டிப்ளமோ முடிச்சவன். அவங்கப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டறார், பாதி நாள் ராத்திரி கன்டெய்னர் லாரி வரிசையிலயே போயிடும். பையன் போன மாசம் ஒரு வேலைக்கு நேர்காணல் போனான். கம்பெனி பேரு வேணாம். 'ஓப்பன் சோர்ஸ்ல என்ன பண்ணிருக்கே?'ன்னு கேட்டிருக்காங்க. இவன் பெருமையா தன் பக்கத்தைக் காட்டிருக்கான். பதினோரு திருத்தம், பதினொண்ணும் ஏத்துக்கிட்டது. எதிர்ல இருந்தவர் ரெண்டு தடவை ஸ்க்ரோல் பண்ணிட்டு, சிரிச்சுக்கிட்டே, "எல்லாம் டைப்போ ஃபிக்ஸா இருக்கே தம்பி, இதெல்லாம் கணக்குல வராது, கோடு எங்க?"ன்னாராம். வேலை கிடைக்கல. அது வேற கதை, வேற காரணமும் இருக்கலாம். ஆனா எங்கிட்ட வந்து, "ணா, அப்ப நான் பண்ணது வேலையே இல்லையாணா?"ன்னு கேட்டான் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு.

அந்தப் பதினொண்ணுல முதல் திருத்தம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். ஒரு மென்பொருளை நிறுவ ஒரு கட்டளை குடுத்திருக்காங்க. அதுல ஒரு சொல்லுக்கு முன்னாடி ரெண்டு சிறுகோடு வரணும். ஆவணத்தை அழகு படுத்தற ஏதோ ஒரு கருவி அந்த ரெண்டு கோட்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடா மாத்திடுச்சு. பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா அப்படியே நகலெடுத்து ஒட்டினா கணினிக்கு அது என்ன எழுத்துன்னே புரியாது. சரி, கையால அடிப்போம்னு இவன் பாத்ததைப் பாத்தபடி ஒரே ஒரு கோடு போட்டான், அதுவும் வேலை செய்யல. ரெண்டு சாயங்காலம் போச்சு. லேப்டாப் பழசு, அதான் போலன்னு நினைச்சிருக்கான். மூணாவது நாள்தான் வேற ஒரு பக்கத்தைப் பாத்து ரெண்டு கோடுன்னு கண்டுபிடிச்சான். மேற்கோள் குறிகள்லயும் இதே கூத்து நடக்கும். நேரா நிக்க வேண்டிய குறியைச் சுருட்டிவிட்டுட்டா கட்டளை படுத்துக்கும்.

இப்ப யோசிங்க. அனுபவஸ்தன் அந்தப் பக்கத்தைப் பாத்தா என்ன பண்ணுவான்? கண்ணு தானா திருத்திப் படிச்சுக்கும். தப்பு இருந்ததே அவனுக்குத் தெரியாது. அதான் அந்தப் பிழை அத்தனை நாள் அங்கயே கிடந்துச்சு. ஆங்கிலம் சரளமா வர்றவனுக்கும் இதே கதைதான், நாலு எழுத்து இடம் மாறி இருந்தாலும் அவன் பாட்டுக்குப் படிச்சுட்டுப் போயிட்டே இருப்பான். நம்ம பையன் அப்படிப் படிக்க மாட்டான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்து எழுத்தாக் கூட்டிப் படிச்சுப் பிடிச்ச மொழி. ஒரு சொல் தெரியலைன்னா, 'இது நமக்குத் தெரியாத புதுச் சொல் போல'ன்னுதான் நினைப்பான், 'இது பிழை'ன்னு நினைக்க மாட்டான். அதுக்கு மேல நம்ம பள்ளிக்கூடம் வேற. புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும், தப்பு உன் மேலதான்னு பன்னெண்டு வருஷம் மண்டையில ஏத்தி அனுப்பிடறாங்க. ஆக ஆவணத்துல இருக்கற ஒத்தை எழுத்துப் பிழைக்கு அபராதம் கட்டறவன் யாரு? எழுதினவன் இல்ல, சீனியர் இல்ல. முதல் தலைமுறையா இந்தத் தொழிலுக்குள்ள நுழையறவன். கத்திவாக்கத்துலயும் எர்ணாவூர்லயும் உக்காந்து ஒத்தை ஆளா முட்டிக்கிட்டு இருக்கானே, அவன்.

அவன் முட்டிக்கிட்டதோட நிக்காம, எழுந்து அந்தக் கல்லை ஓரமா எடுத்துப் போட்டுட்டுப் போறான். அதைப் பாத்து 'கணக்குல வராது'ன்னு சிரிக்கறீங்க. என்னய்யா உங்க கணக்கு?

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல ஃபிட்டர். இந்த பெல்ட்டுல பாதி வீட்டுல அப்பாவோ தாத்தாவோ ஏதாவது ஒரு ஆலையில இருந்தவங்கதான். 1948-லயே மோட்டார் கம்பெனி வந்த ஊரு இது. அப்பா சொல்வார், வெளிநாட்டு மிஷினோட மேனுவல்ல ஏதாவது தப்பா இருந்தா பென்சில்ல ஓரத்துல திருத்தி, பக்கத்துல தேதி போட்டு வெப்பாங்களாம். மேலதிகாரி சொல்லிச் செய்யறது இல்ல. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வர்றவன் அதை நம்பி வால்வைத் திருப்பிடக் கூடாதேன்னுதான். அந்த பென்சில் எழுத்தைப் பாத்து எவனும் 'நீ ஒரு மிஷின் கண்டுபிடிச்சியா?'ன்னு கேக்கல.

சரி, பெரிய ஆளுங்க சொன்னாத்தான் கேப்பீங்கன்னா, டொனால்ட் நூத்தைக் கேளுங்க. கணினி அறிவியல்ல அவரை விடப் பெரிய தலை யாரு இருக்கா? தன்னோட புத்தகங்கள்ல பிழை கண்டுபிடிச்சு முதல்ல சொல்றவங்களுக்கு 2.56 டாலர்னு அறிவிச்சவர் அவர். எழுத்துப்பிழைக்கும் அதே தொகைதான். 256 சென்ட்னா பதினாறு அடிமான எண்ணுல ஒரு முழு டாலராம், அது அவரோட குசும்பு. அவர் கையெழுத்து போட்ட காசோலையை வாங்கினவங்க வங்கியில போடாம சட்டம் போட்டு செவுத்துல மாட்டிக்கிட்டாங்க. காசோலை மோசடி பயத்துல 2008-லேர்ந்து நிஜக் காசோலைக்குப் பதிலா, இல்லாத ஒரு வங்கி பேர்ல சான்றிதழ் அனுப்ப ஆரம்பிச்சார். அப்பவும் மதிப்பு குறையல. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச அருமை உங்க நேர்காணல் அறைக்குத் தெரியல.

லினக்ஸ் கெர்னலுக்குத் திருத்தம் அனுப்பறவங்களுக்கான வழிகாட்டியில அற்பத் திருத்தங்கள்னே ஒரு பிரிவு இருந்துச்சு. அந்தப் பட்டியல்ல முதல்ல நின்னது ஆவணத்துல இருக்கற எழுத்துப்பிழை. அடுத்தது, தேடும்போது கண்ணுல சிக்காமப் போற மாதிரியான எழுத்துப்பிழை. இதை யோசிச்சுப் பாருங்க. ஒரு சொல்லைத் தப்பா எழுதிட்டா, அந்தச் சொல்லை வெச்சுத் தேடறவனுக்கு அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. எழுதி வெச்சும் எழுதாத மாதிரி. அடிக்கடி வர்ற பிழைகளைத் தொகுத்து ஒரு பட்டியலையே கெர்னல் கோப்புகளோட வெச்சிருக்காங்க, புதுத் திருத்தங்களை அதை வெச்சு சோதிக்கறாங்க. அந்தாளுங்களுக்கு வேற வேலை இல்லையா?

எழுத்து கூட வேணாம், ஒரு இடைவெளி போதும். 2011-ல பம்பிள்பீன்னு ஒரு திட்டம். சில மடிக்கணினிகள்ல என்விடியா கிராஃபிக்ஸை லினக்ஸ்ல ஓட வைக்கறதுக்கு. அதோட நிறுவும் நிரல்ல, அழிக்கச் சொல்ற கட்டளையில, யூஎஸ்ஆர்ங்கற அடைவுப் பேருக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவுல தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்துடுச்சு. ஒரு சின்ன உள் அடைவை அழிக்க வேண்டியது, அந்த ஸ்பேஸால மொத்த யூஎஸ்ஆர் அடைவையும் அழிச்சுது. பாதி இயங்குதளமே அதுக்குள்ளதான் இருக்கும். இது ஆவணம் இல்ல, நிரல்தான், ஒத்துக்கறேன். ஆனா இந்த மாதிரி ஸ்பேஸைக் கண்டுபிடிக்கற கண்ணும், ஆவணத்துல கோடு ஒண்ணா ரெண்டான்னு பாக்கற கண்ணும் வேற வேற கண்ணு இல்ல.

காலத்துல திருத்தலைன்னா என்ன ஆகும்னும் ஒரு உதாரணம் இருக்கு. நீங்க ஒரு சுட்டியைத் தட்டினா, எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தீங்கன்னு உலாவி வழங்கிக்குச் சொல்லும். அந்தத் தகவலுக்குப் பேரு 'ரெஃபரர்'. அதை முன்மொழிஞ்சப்ப ஒரு ஆர் விட்டுப் போச்சு. 1996-ல எச்டிடிபி விதிமுறை ஆவணம் வெளிவந்தப்ப அந்தப் பிழையோடயே அச்சாச்சு. அதுக்கப்புறம் உலகத்துல இருக்கற எல்லா உலாவியும் எல்லா வழங்கியும் தப்பான எழுத்துக்கூட்டலை நம்பி ஓட ஆரம்பிச்சதால இனிமே திருத்தவே முடியாது. பின்னாடி வந்த விதி ஆவணத்துல, இது தப்பான எழுத்துக்கூட்டல்தான்னு அவங்களே குறிப்பு எழுதி வெச்சாங்க. அப்புறம் வந்த இன்னொரு தலைப்புல அதே சொல்லை சரியா எழுதிட்டாங்க. ஆக இன்னிக்கு வலைத்தளம் கட்டறவன் ஒரு இடத்துல பிழையாவும் இன்னொரு இடத்துல சரியாவும் எழுதணும். ஒத்தை எழுத்து, முப்பது வருஷத் தலைவலி.

நம்மூர்லயே பாத்தோமே. ஜூன் 2020-ல, தமிழ் உச்சரிப்புக்குத் தகுந்த மாதிரி 1018 ஊர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலை மாத்தறோம்னு அரசாணை வந்துச்சு. தண்டையார்பேட்டைக்கு வெள்ளைக்காரன் வெச்ச எழுத்துக்கூட்டல் எவ்ளோ கோணல்னு இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். ஆனா புதுக் கூட்டலும் விவகாரமாகி, அதே மாசத்துல ஆணையைத் திரும்ப வாங்கிட்டாங்க. பத்திரம், ரயில் டிக்கெட், பேங்க் பாஸ்புக்னு எல்லாத்துலயும் வேர் விட்டதை சட்டுனு பிடுங்க முடியாது. முளையிலயே கிள்ளற ஆளு வேணும்னு சொல்றேன். அந்த ஆளைத்தான் நீங்க வாசல்லயே சிரிச்சு அனுப்பறீங்க.

இப்ப அடுத்த கோஷ்டி, டி-ஷர்ட் கோஷ்டி. இவங்க மேல எனக்கு இன்னும் ஜாஸ்தி கோபம். ஏன்னா இவங்க நம்மாளுங்க.

அக்டோபர் மாசம் அக்டோபர்ஃபெஸ்ட் மாதிரி ஹாக்டோபர்ஃபெஸ்ட்னு ஒண்ணை டிஜிட்டல் ஓஷன் கம்பெனி 2014-லேர்ந்து நடத்துது. அப்பல்லாம் குறிப்பிட்ட எண்ணிக்கையில புல் ரிக்வெஸ்ட் அனுப்பினா டி-ஷர்ட் குடுத்தாங்க. நல்ல எண்ணம்தான். 2020-ல நம்ம நாட்டு யூட்யூப் சேனல் ஒண்ணுல, எப்படி அனுப்பறதுன்னு காட்ட, ஒரு ரீட்மீ கோப்புல 'அருமையான திட்டம்'ங்கற மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துக் காட்டினாங்க. அவ்ளோதான். உலகம் பூரா இருக்கற திட்டங்கள்ல அதே ரெண்டு வார்த்தையை ஒட்டி ஒட்டி குப்பை வந்து குவிஞ்சுது. சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து பராமரிக்கறவங்க ஒவ்வொண்ணையும் திறந்து மூட வேண்டியதாச்சு. அந்த மாசம் தொடங்கின சில நாள்லயே விதியை மாத்தி, விருப்பப்பட்டுச் சேர்ற திட்டங்கள் மட்டும்தான்னு ஆக்கினாங்க. 2024 தொடக்கத்துல எக்ஸ்பிரஸ்ங்கற ரொம்பப் பிரபலமான திட்டத்துல இதே கூத்து. ஒரு பயிற்சி வீடியோவைப் பாத்துட்டு, ரீட்மீ கோப்புல தன் பேரைச் சேர்த்து அனுப்பற கும்பல். கோயில் செவுத்துல பேரைக் கிறுக்கற புத்திதான், வேற என்ன?

இங்கயும் சில பயிற்சிக் கூடங்கள்ல, சான்றிதழ் வேணும்னா ஆளுக்கு அஞ்சு புல் ரிக்வெஸ்ட் காட்டுன்னு கணக்கு வெச்சிருக்காங்க. பசங்க என்ன பண்ணுவாங்க? 'கலர்'ங்கறதை பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்லேர்ந்து அமெரிக்கனுக்கு மாத்தறது, கமா சேர்க்கறது, அடுத்த வாரம் அதே கமாவை எடுக்கறது. ஒரே பக்கத்துல அஞ்சு பிழை இருந்தா அஞ்சு தனி விண்ணப்பமா அனுப்பறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தப் பக்கம் மின்னஞ்சல் பறக்குது, தானியங்கி சோதனை ஓடுது, ஒரு மனுஷன் கண்ணு விட்டுப் பாக்கணும். அவன் நேரம் உங்களுக்கு இனாமா?

இதோட விளைவு என்ன தெரியுமா? இப்ப இந்தியப் பேர்ல எழுத்துப்பிழைத் திருத்தம் போனாலே அந்தப் பக்கம் ஒரு சந்தேகப் பார்வை. எங்க தெருப் பையனோட பதினொண்ணும் அந்தக் குப்பையோட சேர்ந்து எடை போடப்படுது. இளிக்கறவங்களுக்கு சாக்கு எடுத்துக் குடுத்ததே இந்த டி-ஷர்ட் கோஷ்டிதான். யோசிச்சா ரெண்டு கோஷ்டிக்கும் ஒரு விஷயத்துல ஒத்துமை. அந்த ஆவணத்தைப் படிக்கப் போறவனைப் பத்தி ரெண்டு பேருக்குமே அக்கறை கிடையாது.

ஒழுங்கா செய்யறதுக்கு ஒண்ணும் பிரம்ம வித்தை வேணாம். பங்களிப்பு வழிகாட்டின்னு ஒண்ணு பெரும்பாலும் இருக்கும், அதை முதல்ல படி. ஒரு பக்கத்துப் பிழையை எல்லாம் ஒண்ணாச் சேர்த்து அனுப்பு. சில பக்கங்கள் நிரல்லேர்ந்து தானா உருவாகறது, அங்க திருத்தினா அடுத்த தடவை அழிஞ்சுடும், மூலத்தைத் தேடிப் போய்த் திருத்து. கட்டளையா இருந்தா நீயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அனுப்பு.

தமிழாக்கத்துல கை வெச்சவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சூட்சுமத்தையும் சொல்லிடறேன், இது நிறைய பேருக்குத் தெரியாது. 2000-களோட தொடக்கத்துல கேடிஈ, க்னோம், ஓப்பன் ஆஃபீஸ்னு நம்மாளுங்க ராப்பகலா உக்காந்து தமிழ்ப்படுத்தினாங்க இல்லையா, அந்த வேலை பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட்ங்கற முறையில நடக்குது. ஆங்கில வாக்கியம்தான் சாவி. அதுக்கு எதிர்ல தமிழ் வாக்கியம். ஆங்கிலத்துல ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் சாவி மாறிடும். கோப்புகளைப் புதுப்பிக்கும்போது தமிழ் வாக்கியத்து மேல 'தெளிவில்லை'ன்னு முத்திரை விழும். யாராவது பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் பயனருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான் தெரியும். தமிழ்க்குழுன்னா எத்தனை பேரு இருக்கப் போறாங்க? விரல் விட்டு எண்ணிடலாம். அதனாலதான் வெளியீட்டுக்கு முன்னாடி வாக்கியங்களைத் தொடாதேன்னு பூட்டு போடறாங்க. பூட்டு போடற காலத்துல புகுந்து கமா திருத்தறவன் உதவி பண்ணல. திருத்திட்டு, மொழிபெயர்ப்புக் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடறவன்தான் விஷயம் தெரிஞ்சவன். ஒத்தை எழுத்துதானேன்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் கவனிங்க.

'இதெல்லாம் ஏஐ பாத்துக்கும், இனிமே மனுஷன் எதுக்கு?'ன்னு ஒரு அறிவாளி நேத்து கேட்டார். எழுத்துக்கூட்டல் பிழையைக் கருவி பாத்துக்கும், அதுக்கு ஏஐ கூட வேணாம், பழைய கருவிகளே போதும். ஆனா ஆங்கிலத்துல 'முடியாது'ன்னு வர வேண்டிய இடத்துல ஒரு எழுத்து மாறி 'இப்போது முடியும்'னு ஆயிடும். ரெண்டும் அகராதியில இருக்கற சொல், ரெண்டு வாக்கியமும் இலக்கண சுத்தம். எது உண்மைன்னு எப்படித் தெரியும்? செஞ்சு பாக்கணும். மூணாவது படியைச் செய்யாம நாலாவது வேலை செய்யாதுங்கறது, நாலாவதுல மாட்டினவனுக்குத்தான் தெரியும்.

நம்ம பக்கத்துக் கணக்கையும் பாப்போம், ஊரான் ஆவணத்தை மட்டும் திருத்திட்டு இருந்தா எப்படி? தமிழ்ல கட்டற்ற மென்பொருள் பத்தி எழுத கணியம் 2012-லேர்ந்து இருக்கு. சந்திப்பிழை பாக்க நாவி, எழுத்துப்பிழை பாக்க வாணின்னு நம்ம சக பதிவர் நீச்சல்காரன் செஞ்சு வெச்சிருக்கார். எல்லாம் இருந்தும் தமிழ்ல ஒரு தொழில்நுட்பக் கட்டுரையில 'பலம்', 'பழம்' குழப்பம் இருந்தா நாம சும்மா கடந்து போயிடறோம், இல்லைன்னா கிண்டலடிச்சு நாலு கும்மி அடிக்கறோம். எழுதினவருக்கு ஒரு வரி போட்டு, இந்த இடத்துல இப்படி மாத்திக்கோங்கன்னு சொல்றவங்க எத்தனை பேரு? புள்ளி வைக்காத ஓலையில இது எந்த எழுத்துன்னு பாக்க ஊர் ஊரா சுவடி தேடி அலைஞ்ச உ.வே.சா.வை தமிழ்த் தாத்தான்னு கொண்டாடறோம். அவர் வேலையில பெரும்பகுதி என்னவாம்?

அதனால எங்க வீட்டு மொட்டை மாடியில சனிக்கிழமை சாயங்காலம் மூணு பசங்களோட உக்காந்துக்கிட்டு இருக்கேன். ஒரு மென்பொருளோட நிறுவல் பக்கத்தை எடுக்கறது, அதுல இருக்கற மாதிரியே வரி வரியா செய்யறது, எங்க மாட்டுதோ அங்க குறிச்சுக்கறது. போன வாரம் ஒரே பக்கத்துல நாலு இடம் சிக்குச்சு. ரெண்டு எழுத்துப்பிழை, ஒரு செத்துப் போன சுட்டி, ஒரு விட்டுப்போன படி. நாலையும் ஒரே விண்ணப்பமா அனுப்பி இருக்கோம், பதில் இன்னும் வரல. திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் இருக்கறவங்க வரலாம். லேப்டாப் இல்லைன்னாலும் பரவால்ல, ரெண்டு இருக்கு. ஆங்கிலம் அரைகுறைன்னா கண்டிப்பா வாங்க.

டிஸ்கி: இந்தப் பதிவுல எழுத்துப்பிழை கண்டுபிடிச்சு முதல்ல சொல்றவங்களுக்கு 2.56 ரூபாய் தரப்படும். டாலர் எல்லாம் கட்டுப்படியாகாது சாமி.